'வ'வில் ஆரம்பித்து 'ஊர்' என்று முடியும்!

நீங்கள் பாண்டிச்சேரிக்கு எதற்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் நாலு பேராக ஈ.சி.ஆர். பஸ் பிடித்து, பீச் ரோடில் சாஸ்திரத்துக்கு ஒரு நடை நடந்து, அப்புறம் 'வந்த வேலை'யைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை தலையைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளூர்க்காரன் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உங்களால்தான் எங்கள் பட்ஜெட்டே ஓடுகிறது!

ஆனால், நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி ஒருத்தர் வந்தார். பாட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஒரே ஒரு பேப்பர். "இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்றார்.

வந்தவர் ரியூனியன்காரர். மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிற, இன்றும் பிரான்ஸைச் சேர்ந்த குட்டித் தீவு. ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். நண்பருக்கு நண்பர் என்ற வகையில் என் தலையில் வந்து விடிந்தார். 'நீதான் பிரெஞ்சு படிச்சிருக்கியே' என்று நண்பன் மாட்டிவிட்டான். ப்ளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்று எடுத்த பிரெஞ்சு ஸார் அது! 'என் பெயர் இன்னது, எனக்கு ஆப்பிள் பிடிக்கும்' என்பதற்கு மேல் தாண்டாது. மிச்சத்தை இங்கிலீஷ் வைத்து ஒப்பேற்றினோம்.

அவர் கொண்டுவந்த பேப்பர் பழைய பத்திரிகை ஒன்றின் ஜெராக்ஸ். ரியூனியன் அரசிதழ், 1880-கள். அதில் இருந்தது ஒரு வாரிசு விளம்பரம். நம்மூர் தினசரிகளில் 'கீழ்க்கண்ட சொத்துக்கு உரிமை கோருவோர் 15 நாட்களுக்குள்...' என்று பொடி எழுத்தில் வருமே, அதே ஜாதி. பிரெஞ்சுக்காரர்கள் 1855-லேயே ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். வாரிசு யாரும் வராமல் ஒருத்தர் இறந்துபோனால், அவருடைய சொத்தை ஒரு அதிகாரி பொறுப்பில் எடுத்துக்கொண்டு, உரியவர்கள் வரலாம் என்று அறிவிப்புக் கொடுப்பார்.

விளம்பரத்தில் இருந்தவர் ஒரு கரும்புத் தோட்டக் கூலி. பெயர், பதிவு நம்பர், பிறந்த ஊர். அவர் விட்டுப்போன சொத்து சில்லறை பிராங்குகள். அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூலிக்காரனின் சொந்தக்காரர்கள் இருப்பது இங்கே ஏதோ ஒரு ஏரிக்கரையில். விளம்பரம் வருவதோ கடலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு மொழியில். 'உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்' என்றால் எப்படி ஸார்? நீந்தியா?

"இவர் உங்கள் தாத்தாவா?" என்றேன்.

"இல்லை. என் முப்பாட்டனாரின் தம்பி" என்றார் வாத்தியார். "முப்பாட்டனார் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதே தீவில்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடப்பிறந்த அண்ணன் அதே தீவில் இருக்கும்போது எதற்கு வாரிசு விளம்பரம்?

அவர் பொறுமையாக விளக்கினார். 1848 டிசம்பர் 20-ல் ரியூனியனில் அடிமைகளுக்கு விடுதலை. கரும்பு வெட்ட ஆள் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். பொதுவாக ஐந்து வருஷ ஒப்பந்தம். 1860-61-ல் பிரிட்டிஷ்காரர்களோடு உடன்படிக்கை போட்டு, அவர்கள் பகுதியிலும் ஆள் பிடித்தார்கள். அங்கே நடத்துகிற லட்சணம் சரியில்லை என்று 1882-ல் பிரிட்டிஷ் அரசு ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் தீவில் இறங்கிய இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கப்பலிலிருந்து இறங்கியதும் குமாஸ்தா கேட்பான்: "பெயர்?" நம்ம ஆள் சொல்லுவான். "குடும்பப் பெயர்?" நம்ம ஆள் திருதிருவென விழிப்பான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதானே! சரி, சொன்ன பெயரே குடும்பப் பெயர் என்று எழுதிவிடுவான். முத்துசாமியின் பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் 'மூத்துசாமி' குடும்பம். முத்துசாமியின் தம்பி ராமசாமி என்றால், அவருடைய வம்சம் 'ரமசாமி' குடும்பம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், காகிதத்தில் இரண்டு வேறு வேறு குடும்பங்கள்!

அண்ணனும் தம்பியும் வேறு வேறு தோட்டத்தில் கரும்பு வெட்டினார்கள். தம்பி செத்தது அண்ணனுக்கு எப்போது தெரிந்ததோ, தெரிந்ததோ இல்லையோ... அரசாங்கத்துக்கு அவர் யாரோ, இவர் யாரோ.

ரிட்டயரான பிறகு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கூலிகளின் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் வாத்தியார் பிடித்திருக்கிறார். ஒரே கப்பல், ஒரே நாள், அடுத்தடுத்த நம்பர், இரண்டு பேருக்கும் ஒரே அப்பா பெயர். ஆனால், ஊர் என்ற கட்டம் இரண்டிலும் காலி. ஊர்ப் பெயர் இருப்பது இந்த விளம்பரத்தில் மட்டும்தான். அதிலும் நடுவில் மை இழுவி, முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும்தான் மிச்சம். 'வி' என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் ஒரு கறுப்புத் திட்டு, அப்புறம் ஓ, யூ, ஆர்.

ஓ, யூ, ஆர் சேர்ந்தால் பிரெஞ்சில் 'ஊர்'. அதாவது நமக்குத் தெரிந்தது, அந்த ஊர் ஒரு ஊர் என்பது!

நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இது என்ன பிரமாதம், முசியே! வில்லியனூர்! பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வில்லெனூர்' என்றுதான் எழுதினார்கள். வண்டியில் ஏறுங்கள்" என்றேன்.

பாண்டிச்சேரியிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர். சங்கராபரணி ஆற்றங்கரை. 1749-ல் சந்தா சாகிப் தயவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தன. 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. 1880 மார்ச் 12-ல் ஒரு ஆணை போட்டு பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தபோது, வில்லியனூர் ஒன்று, பாகூர் ஒன்று. இப்போதும் எங்களுக்கு ஊராட்சி ஒன்றியம் கிடையாது. 'கொம்யூன் பஞ்சாயத்து'தான். பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதி. எங்களை மாதிரியே.

திருக்காமீஸ்வரர் கோயிலைக் காட்டினேன். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் இந்தக் கோயில் தேர். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுப்பது வழக்கம். லூர்து மாதா கோயிலையும் காட்டினேன். மாதா சிலை 1877-ல் பிரான்ஸிலிருந்து வந்தது. சர்ச்சுக்கு முன்னால் நம்ம கோயில் மாதிரியே திருக்குளம். வாத்தியார் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கள் தீவிலும் இப்படித்தான். காலையில் சர்ச், சாயங்காலம் மாரியம்மன்" என்றார்.

ஒரு சிக்கல். வாத்தியாரைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் ரிட்டயர் ஆகிற வயசில் இருக்கிற பில் கலெக்டர் மாதிரியே இருப்பார். கடைத்தெருவில் பூக்காரம்மா, "என்னா ரேட்டுன்னு கேக்குறேன், ஊமையாட்டம் நிக்கிறியே அண்ணே!" என்று ஒரு பிடி பிடித்துவிட்டது.

சரி, பிறப்புப் பதிவேடு? பாண்டிச்சேரியில் அதற்குப் பெயர் 'எத்தா சிவில்'. கிழவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால், நம்ம ஜனங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் முறையாகப் பதியவேண்டும் என்று ஆணை வந்தது 1880-ல். அண்ணனும் தம்பியும் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். பதிவேட்டில் இருக்க மாட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடி தேட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். என் ஆபீஸ் நண்பனின் மச்சான் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே தேசிய நூலகம் 'ட்ரோவ்' என்று 2009-ல் ஒரு இணையதளம் ஆரம்பித்து, பழைய பத்திரிகைகளையெல்லாம் இலவசமாகக் கொட்டி வைத்திருக்கிறதாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், யாரைக் கட்டினார் என்பது வரை அதில் எடுத்துவிட்டாராம். பாரிஸ் தேசிய நூலகத்தின் 'கலிக்கா'விலும் பிரெஞ்சிந்திய அரசிதழ் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால், ஜான் ஸ்மித்தைத் தேடுவதும் நம்ம சண்முகத்தைத் தேடுவதும் ஒன்றா? சண்முகத்தின் முதல் எழுத்து 'சி'யா, 'எஸ்'ஸா? அன்றைக்கு குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தேடவேண்டும். கண்ணால் படித்தால் கிடைக்காது. வாய்விட்டுப் படித்துக் காதால் பிடிக்கவேண்டும்.

நம்மவர்கள் பெயர் அந்த அரசிதழில் வரிசை வரிசையாக வந்த சமயம் ஒன்று உண்டு. பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார் என்று தகராறு. மனுஷன் விடவில்லை. வழக்கை பாரிஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21-ல் ஒரு ஆணை வந்தது. ஜாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. அப்படியென்றால் கதவு! துறந்தவர்கள் பெயர் அரசிதழில் அச்சானது. பழைய பெயர், புதுப் பெயர். பழையதை விட்டதற்கு சாட்சியாக வந்த அதே அறிவிப்பில்தான், அந்தப் பழைய பெயரை இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாத்தியார் சிரித்தார். "இங்கே எழுதிக் கொடுத்துத் துறந்தார்கள். எங்களுக்குக் கப்பல் ஏறியதுமே போய்விட்டது!" குவாதலூப்பில் ஆங்ரி சிதம்பரம் என்பவர், இந்தியக் கூலிகளின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று 1904-ல் ஆரம்பித்து 1923 வரை போராடி ஜெயித்த கதையையும் சொன்னார்.

மறுநாள் வில்லியனூரிலிருந்து பாகூர் சாலை. பாகூரில் மூலநாதர் கோயில் பார்க்கலாமே என்றுதான் அழைத்துப் போனேன். ஊர் தேடுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. 'ப'வில் ஆரம்பிக்கிற ஊராயிற்றே!

இந்தச் சாலை ஒரு தமாஷ். ஐந்து நிமிஷம் புதுச்சேரி, ரெண்டு நிமிஷம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள மைல்கல் வேண்டாம். ஒயின் ஷாப் போர்டே போதும். வழியில் கீழூர் பக்கம் கை காட்டினேன். 1954 அக்டோபர் 18-ல் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் தெருவில் எழுதிக் கொடுத்த வீட்டில் மாடி இருக்கிறது. எழுதாத வீட்டில், 'அப்பவே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா...' என்ற புலம்பல் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். திரௌபதி அம்மன் கோயில். திண்ணையில் இருந்த பெரியவர், "தீமிதி கோயிலுங்க. பாஞ்சாலி அம்மன்" என்றார்.

வாத்தியார் சட்டென்று திரும்பினார். "பாண்டியாலே?"

"பாஞ்சாலி" என்றேன் நான்.

"பாண்டியாலே! பாண்டியாலே!" அவருக்குக் குரல் உடைந்தது. ரியூனியனில் தீமிதிக்கிற அம்மனுக்கு அதுதான் பெயராம். பதினெட்டு நாள் விரதமிருந்து அவரும் மிதித்திருக்கிறார். அது யார், என்ன பெயர் என்று இவ்வளவு நாள் அவருக்கு அர்த்தம் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்து, "உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

பாகூர் டீக்கடையில்தான் வினை. விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஆர்வம். ஒருத்தர் கேட்டார்: "அதெல்லாம் கண்டுபிடிச்சிடலாம்பா. அவரு என்ன ஆளுங்க?"

நான் முழித்தேன்.

"அட, ஊர்த்தெருவா, காலனியா? அது தெரிஞ்சாத்தானே எந்தத் தெருவுல விசாரிக்கிறதுன்னு தெரியும்!"

கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உதவி செய்யத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. 'என்ன கேட்கிறார்கள்?' என்று வாத்தியார் என்னைப் பார்த்தார். இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போது என் காது சூடானது.

அவர் கொஞ்ச நேரம் டீ கிளாஸையே சுற்றிக்கொண்டிருந்தார். "பதிவேட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது. சில பேருக்கு எழுதியிருக்கிறார்கள். என் ஆட்களுக்கு எழுதவில்லை. எங்கள் தீவில் நாங்கள் எல்லோரும் 'மலபார்'. அவ்வளவுதான். ஒருவேளை..." என்று நிறுத்தி, "இந்தக் கேள்வி இல்லாத இடத்துக்குப் போகலாம் என்றுதான் ரெண்டு பேரும் கப்பல் ஏறினார்களோ, என்னவோ" என்றார்.

நான் அதை டீக்கடைக்கு மொழிபெயர்க்கவில்லை. "தெரியாதாம்" என்று மட்டும் சொன்னேன்.

மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அடித்தளத்தில் சின்னச் சின்ன நடனச் சிற்பங்கள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். யாரும் இல்லாத நேரம். என் கையில் இருந்த பழைய கோயில் புத்தகத்தைப் புரட்டி, வாத்தியாருக்கு 'கைடு' வேலை பார்க்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன். தன் எட்டாம் ஆட்சி ஆண்டில், இந்த ஊரில் இருந்த கல்லூரிக்கு, 'வித்யாஸ்தானம்' என்று பெயர், மூன்று கிராமங்களைக் கொடுத்துச் செப்பேடு போட்டான். அந்தச் செப்பேட்டில் ஊர்ப் பெயர்...

படித்துக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன்.

வாகூர்!

வாய்விட்டு இன்னொரு தரம் படித்தேன். வாத்தியாரும் சொல்லிப் பார்த்தார். 'வகூர்.' அடுத்த நிமிஷம் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்தார். வாத்தியார் புத்தி போகுமா! கோயில் படியில் உட்கார்ந்து கறுப்புத் திட்டை அளந்தார். பக்கத்து வரிகளில் எழுத்துக்கு எவ்வளவு இடம் என்று அளந்தார். திட்டுக்குள் அடங்குவது இரண்டே எழுத்து. மூன்று எழுத்தே சிரமம்.

வில்லெனூர் அதற்குள் நுழையவே நுழையாது. முதல் நாளே அளந்திருந்தால் ஒரு நாள் பெட்ரோல் மிச்சம்! அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அசடு வழிந்தேன்.

அதற்காக வாகூர்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வடக்கே வானூர் இருக்கிறது. அதற்கும் நடுவில் ரெண்டே எழுத்து. அரசாங்கக் காகிதத்தில் 'பகூர்' என்று எழுதியவர்கள் தீவில் 'வ' போட்டிருப்பார்களா என்று கேட்டால், போட்டிருக்கலாம். கப்பலில் இறங்கியவன் வாயில் என்ன வந்ததோ!

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. விளம்பரத்தில் தொலைந்த ஆளை விளம்பரத்திலேயே தேடினால் என்ன? உள்ளூர்த் தமிழ் தினசரி ஒன்றில் வரி விளம்பரம் கொடுத்தோம். 'சுமார் 150 வருடங்களுக்கு முன் பாகூர் அல்லது வானூர் பகுதியிலிருந்து ரியூனியன் தீவுக்குக் கப்பலில் சென்ற சகோதரர்கள் இருவரின் உறவினர்கள் தொடர்புகொள்ளவும்.' கீழே என் செல் நம்பர். வாத்தியார் அன்று இரவே விமானம் ஏறிவிட்டார்.

முதல் போன் காலை ஆறு மணிக்கு. "ஸார், விசா எடுத்துத் தருவீங்களா?"

அடுத்தது ஒரு நில புரோக்கர். "அந்தப் பார்ட்டி பேர்ல எவ்வளவு ஏக்கர் நிக்குது?"

இப்படியே பதினோரு போன். பன்னிரண்டாவது, மூன்றாம் நாள் ராத்திரி. பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன கிராமம். பேசியவனுக்கு இருபது வயசுக்குள்தான் இருக்கும்.

"அண்ணே, நான் சும்மா பேப்பர் படிச்சுக் காட்டினேன். எங்க ஆயாதான் போன் போடச் சொல்லுச்சு. எங்க வூட்ல ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது, செத்துப்போனவங்களுக்கு இலை போட்டுட்டு, தனியா வாசல் பக்கம் இலை போடுவாங்க. யாருக்குன்னு கேட்டா, 'கப்பலுக்குப் போனவங்களுக்கு'ன்னு சொல்லும் ஆயா. அதோட மாமியார் சொல்லிக் குடுத்ததாம்."

"பெயர் என்னவென்று கேட்டியா தம்பி?"

"பேரெல்லாம் தெரியாதாம்ணே. பேர் சொல்லிப் படைக்க மாட்டாங்களாம். உயிரோட இருந்தாலும் இருப்பாங்க, பேர் சொன்னா தோஷம்னு..."

அன்றைக்கே வாத்தியாருக்கு எழுதி அனுப்பினேன். ஊர் பெயர், ஆயா சொன்னது எல்லாம். பதில் உடனே வந்தது. ஒரே வரி.

'எத்தனை இலை?'

அட, அதைக் கேட்கவில்லையே! அந்தப் பையனுக்குத் திரும்ப போன் போட்டேன். ஆயா தூங்கிவிட்டதாம். எழுப்பட்டுமா என்றான். எழுப்பு என்றேன். லைனிலேயே காத்திருந்தேன். தூரத்தில் இருமல் சத்தம், ஏதோ முனகல், அப்புறம் பையன் குரல்.

"ரெண்டுண்ணே."